மார்ச் மாசத்துப் பணமும் மதுரை லென்ஸும்: என்ஜிஓவும் நிதி குடுக்கறவங்களும் சேர்ந்து வேலை செய்யறது எப்படி

விருதுநகர் மாவட்டத்துல ஒரு சின்ன டிரஸ்ட்ல ஒம்பது வருஷம் வேலை பார்த்தேன், பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களுக்கு சாயங்கால வகுப்பு நடத்துற டிரஸ்ட். வருஷா வருஷம் மார்ச் பதினஞ்சு தாண்டிட்டா ஏதாவது ஒரு கம்பெனியிலேர்ந்து போன் வந்துரும். "எங்ககிட்ட ஆறு லட்சம் மிச்சம் இருக்கு, 31-ம் தேதிக்குள்ள செலவாகணும், டேப்லெட் வாங்கிக்கறீங்களா, கொட்டேஷன் இன்னிக்கே அனுப்பிருங்க"ன்னு கேப்பாங்க. எங்களுக்கு அப்ப தேவைப்பட்டது ரெண்டு டீச்சருக்குப் பன்னெண்டு மாச சம்பளம். அதைச் சொன்னா, சம்பளத்துக்கெல்லாம் எங்க பாலிசில இடமில்லைங்கன்னு பதில் வரும், நாங்களும் வர்ற லட்சுமியை வேணாம்னு சொல்ல மனசில்லாம டேப்லெட்டுக்கே தலையாட்டிருவோம். டேப்லெட் வந்துச்சு, அட்டைப்பெட்டியோட போட்டோ எடுத்தோம், சொல்லிக்குடுக்க ஆள் இல்லாம பாதி பீரோவுலயே கிடந்துச்சு. போன் பண்ணினவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது, அவங்களும் நல்ல மனசோடதான் பண்ணினாங்க. ஆனா ரெண்டு நல்ல மனசு சேர்ந்தும் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் நடக்கலையே, அது ஏன்ங்கிறது ரொம்ப நாளா உறுத்திட்டே இருந்துச்சு, அதைத்தான் இங்க விளக்கமா எழுதப் பாக்குறேன்.

முதல்ல பணம் எங்கேர்ந்து வருதுன்னு பாப்போம். 2013 கம்பெனிகள் சட்டத்தோட 135-வது பிரிவுதான் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு, 2014 ஏப்ரல் 1-லேர்ந்து அமல்ல இருக்கு. நிகர மதிப்பு 500 கோடி, இல்லன்னா டர்ன்ஓவர் 1,000 கோடி, இல்லன்னா நிகர லாபம் 5 கோடி, இதுல எதையாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருஷத்து சராசரி நிகர லாபத்துல 2 சதவீதத்தை சமூக வேலைக்கு செலவு பண்ணணும். ஆரம்பத்துல செலவு பண்ணலைன்னா ஏன்னு காரணம் எழுதினா போதும்னு இருந்துச்சு, 2021 ஜனவரிக்கு அப்புறம் அது போய், செலவாகாத பணத்தை வேற இடத்துக்கு மாத்தியே ஆகணும், மாத்தலைன்னா அபராதம்னு ஆயிருச்சு. மார்ச் மாசத்துப் பதட்டத்துக்கு இதுதான் காரணம்னு கம்பெனிக்காரங்க சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிட்டு இருந்தேன்.

ஆனா விதியை முழுசாப் படிச்சா வேற மாதிரி இருக்கு. தொடர் திட்டம்னு ஒரு வகை இருக்கு, ஆரம்பிச்ச வருஷம் போக இன்னும் மூணு வருஷம் வரைக்கும் அது ஓடலாம். அந்தத் திட்டத்துல இந்த வருஷம் செலவாகாம நின்ன பணத்தை, நிதியாண்டு முடிஞ்ச 30 நாளுக்குள்ள தனியா ஒரு பேங்க் கணக்குல போட்டு வெச்சு அடுத்த மூணு நிதியாண்டுக்குள்ள செலவு பண்ணிக்கலாம். தொடர் திட்டமா இல்லாத பணம்தான் ஆறு மாசத்துக்குள்ள பிரதமர் நிவாரண நிதி மாதிரி ஏதாவது ஒண்ணுக்குப் போகணும். அப்ப ஜூன் மாசமே உக்காந்து மூணு வருஷத் திட்டமா போர்டுல பாஸ் பண்ணி வெச்சிருந்தா மார்ச்ல யாரும் யாருக்கும் போன் போட வேண்டிய அவசியமே இல்ல. இதை ஒரு என்ஜிஓ தெரிஞ்சு வெச்சுக்கிட்டு முதல் பேச்சுலயே எடுத்துச் சொன்னா, எதிர்ல இருக்கற சிஎஸ்ஆர் மேனேஜருக்கே அது பெரிய உதவி, ஏன்னா அவங்கள்ல பல பேர் எச்ஆர்லயோ விளம்பரப் பிரிவுலயோ இருந்துட்டு இந்த வேலையையும் சேர்த்துப் பாக்குறவங்க.

அடுத்தது இந்த 5 சதவீத விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா நான் பார்த்த வரைக்கும் என்ஜிஓவுக்கும் கம்பெனிக்கும் நடுவுல அதிகமா கசப்பு வர்ற இடம் இதுதான். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு"ன்னு பட்ஜெட்டைத் திருப்பி அனுப்புவாங்க. விதில இருக்கறது என்னன்னா, ஒரு கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகுற பொது நிர்வாகச் செலவு, அந்த வருஷத்து மொத்த சிஎஸ்ஆர் செலவுல 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். வரம்பு கம்பெனிக்கு. ஒரு திட்டத்தைத் திட்டமிட, நடத்த, கண்காணிக்க, மதிப்பீடு பண்ண நேரடியா ஆகுற செலவு அந்தக் கணக்குலயே வராதுன்னு 2021 விதி தெளிவா சொல்லுது. குழப்பம் வந்ததுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கு, 2014-ல வந்த பழைய விதில கம்பெனி ஆட்களுக்கும் என்ஜிஓ ஆட்களுக்கும் பயிற்சி குடுக்கற செலவையும் நிர்வாகச் செலவையும் ஒண்ணா சேர்த்து 5 சதவீதம்னு எழுதியிருந்தாங்க, அது அப்படியே எல்லார் மனசுலயும் பதிஞ்சு போச்சு.

இதோட விளைவு என்னன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வருஷம் 20 லட்ச ரூபாய் திட்டம்னு வைங்க. அதுல 5 சதவீதம் ஒரு லட்சம், மாசத்துக்கு 8,300 ரூபாய் சொச்சம். இந்த எட்டாயிரத்துக்குள்ள அக்கவுண்டன்ட் சம்பளம், ஆபீஸ் வாடகை, கரண்ட் பில், ஆடிட்டர் ஃபீஸ், டைரக்டர் மதுரைக்கும் சென்னைக்கும் போய்ட்டு வர்ற பஸ் சார்ஜ் எல்லாம் அடங்கணும், முடியுமா? முடியாது. அப்ப என்ஜிஓ என்ன பண்ணும், அக்கவுண்டன்ட்டை "திட்ட ஒருங்கிணைப்பாளர்"னு பேர் மாத்தி எழுதும், வாடகையை "பயிற்சி மைய செலவு"ன்னு எழுதும், பொய்யாவும் இல்லாம உண்மையாவும் இல்லாம ஒரு பட்ஜெட் போகும். அதை வாங்குற கம்பெனிக்கும் இது இப்படித்தான்னு தெரியும். இப்படி முதல் காகிதத்துலயே ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டா அப்புறம் எந்த நம்பிக்கையை வெச்சு மூணு வருஷம் சேர்ந்து வேலை செய்யறது?

அமெரிக்காவுல 2009-லயே இதைப் பத்தி எழுதினவங்க பட்டினிச் சுழல்னு பேர் வெச்சாங்க. நன்கொடை குடுக்கறவர் நிர்வாகச் செலவு கம்மியா இருக்கணும்னு எதிர்பார்ப்பார், அமைப்பு அதுக்கு ஏத்த மாதிரி கம்மியாக் காட்டும், அதைப் பார்த்துட்டு அடுத்தவர் இன்னும் கம்மியா எதிர்பார்ப்பார், கடைசில கம்ப்யூட்டர் ஓடாம, ஆள் நிக்காம, கணக்கு ஒழுங்கா எழுத முடியாம அமைப்பு எலும்பும் தோலுமா ஆயிரும். ஃபோர்டு ஃபவுண்டேஷன் 2016-ல ஆரம்பிச்ச பில்ட் திட்டம் இதை மாத்தணும்னுதான் வந்துச்சு, 100 கோடி டாலரை ஒதுக்கி, முந்நூறு அமைப்புக்கு மேல, அஞ்சு வருஷத்துக்கு, அமைப்போட சொந்த பலத்தை வளர்க்கவே குடுத்தாங்க. நம்ம ஊர்ல சின்ன அளவுல கூட இதைச் செய்யலாம், அதுக்கு ஃபோர்டு அளவு பணம் தேவையில்ல.

கட்டுறதுக்கு மட்டும் பணம் குடுத்து நடத்துறதுக்குக் குடுக்கலைன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கு நாட்டளவுல ஒரு சாட்சி இருக்கு. 2014-க்கு அப்புறம் மத்திய அரசு சொல்லி பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகள்ல கிட்டத்தட்ட 1.4 லட்சம் கழிப்பறை கட்டுறதா ஏத்துக்கிட்டாங்க. 2020-ல வந்த சிஏஜி தணிக்கை அறிக்கைக்காக 2,695 கழிப்பறையை நேர்ல போய்ப் பார்த்தாங்க, அதுல கட்டி முடிச்சிருந்ததுல 70 சதவீதத்துக்கு மேல உள்ள ஓடுற தண்ணி வசதி இல்ல. கதவு இருக்கு, டைல்ஸ் இருக்கு, பேர் எழுதின பலகை இருக்கு, தண்ணி இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிற ஒரு பத்தாங்கிளாஸ் பொண்ணை நினைச்சுப் பாருங்க, அவளுக்கு அந்தக் கட்டடத்தால என்ன பிரயோஜனம்.

இப்ப நல்லா நடந்த ஒரு கூட்டு முயற்சியைச் சொல்றேன், நம்ம மதுரையிலயே. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல ஆரம்பிச்சார், அரசு வேலையிலேர்ந்து 58 வயசுல ரிட்டயர் ஆன பிறகு, முடக்குவாதத்துல விரல்கள் கோணிப்போன நிலையில, வெறும் 11 படுக்கையோட. வீட்டை அடமானம் வெச்சு, குடும்பத்துப் பொம்பளைங்க நகையை அடகு வெச்சுக் கட்டினதுன்னு மதுரையில எல்லாருக்கும் தெரியும். ஆனா அதோட வளர்ச்சிக்குப் பின்னாடி இருந்த கூட்டாளிங்களைப் பத்தி நாம அவ்வளவா பேசறதில்ல.

முதல்ல கண் முகாமை எடுத்துக்குங்க. ஒரு ஊர்ல முகாம் நடக்குதுன்னா அதுக்கு உள்ளூர்ல ஒரு ஸ்பான்சர் இருப்பாங்க, லயன்ஸ் கிளப், ரோட்டரி, கோயில் கமிட்டி, மில்லு, பேங்க், இப்படி யாராவது. பள்ளிக்கூடத்துல இடம் பிடிக்கறது, நோட்டீஸ் அடிக்கறது, ஆட்டோவுல மைக் கட்டி சுத்து வட்டாரக் கிராமத்துல சொல்றது, வந்தவங்களுக்கு சாப்பாடு, வரிசையை ஒழுங்குபடுத்த ஆள், இதெல்லாம் அவங்க பொறுப்பு. டாக்டரு, நர்ஸு, பரிசோதனை, ஆபரேஷன், லென்ஸு ஆஸ்பத்திரி பொறுப்பு. இதுல யாரு பெரியவங்கங்கிற பேச்சே வராது, ஏன்னா ஒருத்தர் செய்யறதை இன்னொருத்தரால செய்ய முடியாது. அந்த ஊர்ல எந்தத் தெருவுல எந்தப் பாட்டிக்குக் கண் தெரியலைன்னு கிளப் செயலாளருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. பணம் குடுக்கறவர் காசு தவிர வேற என்ன கொண்டு வர்றார்ங்கிற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அடுத்தது லென்ஸ் கதை. எண்பதுகள்ல கண்புரை ஆபரேஷன் பண்ணின ஏழைங்களுக்கு லென்ஸ் கிடையாது, சோடாபுட்டி கண்ணாடிதான், அது உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ மறுபடி குருடு மாதிரிதான். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் அப்ப இறக்குமதி, ஒண்ணு 100 டாலர் பக்கம். காசு இருக்கறவங்களுக்கு லென்ஸ், இல்லாதவங்களுக்குக் கண்ணாடின்னு ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள ரெண்டு தரம், இது வெங்கடசாமிக்குப் பொறுக்கல. இங்க வர்றாங்க சேவா ஃபவுண்டேஷன், 1978-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, இந்தியாவுல பெரியம்மை ஒழிப்புல வேலை பார்த்த லேரி பிரில்லியன்ட் மாதிரி ஆளுங்க சேர்ந்து தொடங்கினது, ஆரம்பத்துல உதவினவங்கள்ல ஸ்டீவ் ஜாப்ஸும் உண்டு. வெங்கடசாமியும் அதைத் தொடங்கின குழுவுல ஒருத்தர். இதைக் கவனிங்க, பணம் வாங்குறவர் பணம் குடுக்கற அமைப்போட மேசையில ஆரம்பத்துலேர்ந்தே உக்காந்திருந்தார், வாசல்ல நின்னு மனு குடுக்கல.

சேவாவோட டேவிட் கிரீன் முதல்ல அமெரிக்கக் கம்பெனிகள்கிட்ட லென்ஸை தானமா வாங்கி அனுப்பினார். நல்ல உதவிதான், ஆனா தானம் வர்றப்போ வரும், வராதப்போ வராது, எந்த பவர் வரும்னு சொல்ல முடியாது, வருஷா வருஷம் கையேந்திட்டே இருக்கணும். பெரும்பாலான நிதி அமைப்புங்க இந்த இடத்துலயே நின்னிருப்பாங்க, இத்தனை ஆயிரம் லென்ஸ் குடுத்தோம்னு ஆண்டறிக்கையில போட நல்ல கணக்கு அது. இவங்க நிக்கல. மதுரையிலயே லென்ஸ் செய்வோம்னு முடிவு பண்ணி, தொழில்நுட்பத்தைத் தேடிப் பிடிச்சு, மெஷினுக்கும் பயிற்சிக்கும் பணம் திரட்டிக் குடுத்தாங்க. வளரும் நாடுகளுக்கு லென்ஸெல்லாம் கட்டுப்படியாகாது, கண்ணாடி போதும்னு பெரிய வல்லுநர்களே சொல்லிட்டிருந்த காலம் அது. 1992-ல ஆரோலேப்ங்கிற லென்ஸ் தொழிற்சாலை ஆரம்பிச்சுது, லென்ஸ் விலை 10 டாலர் கிட்ட வந்து அப்புறம் இன்னும் இறங்குச்சு, இன்னிக்கு நூறுக்கும் மேற்பட்ட நாட்டுக்குப் போகுது. லென்ஸை வித்து வர்ற காசுலயே ஆரோலேப் நடக்குது, அதுக்கு நன்கொடை தேவையில்ல.

அதே 1992-ல லயன்ஸ் இன்டர்நேஷனலோட சைட்ஃபர்ஸ்ட் நிதி உதவியோட லைக்கோன்னு ஒரு பயிற்சி நிறுவனம் வந்துச்சு, மத்த கண் ஆஸ்பத்திரிங்களுக்கு நிர்வாகம் சொல்லிக்குடுக்கற இடம். இங்கயும் பாருங்க, லயன்ஸ் காசு ஆபரேஷன் எண்ணிக்கைக்குப் போகாம, கணக்கு எழுதறது எப்படி, ஆள் எடுக்கறது எப்படி, ஒரு டாக்டர் நேரத்தை வீணாக்காம தியேட்டரை எப்படி அமைக்கிறது, இதைக் கத்துக்குடுக்கறதுக்குப் போச்சு. நாம மேல பேசின அந்த "நிர்வாகச் செலவு"தான் இது, அதையே ஒரு நிறுவனமாக் கட்டினாங்க.

அரவிந்தை எல்லாரும் பின்பற்றணும்னு நான் சொல்ல வரல. அங்க காசு குடுத்துப் பாக்குற நோயாளிங்க இருக்காங்க, அந்த வருமானம் இலவச சிகிச்சையைத் தாங்குது. எல்லா வேலைக்கும் அப்படி வருமானம் வராது. சென்னையில வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல ஆரம்பிச்ச தி பேனியன், தெருவுல மனநலம் பாதிக்கப்பட்டு நிக்கற பெண்களுக்கானது. அந்தப் பெண்கள்கிட்ட யாரு ஃபீஸ் வாங்க முடியும், வாங்கவும் கூடாது. அங்க நிதி குடுக்கறவங்க "எப்ப சொந்தக் கால்ல நிப்பீங்க"ன்னு கேக்கறதே தப்பு. அவங்களோட ஹோம் அகைன் திட்டத்துல, வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியிலயும் காப்பகத்துலயும் இருந்தவங்க நாலஞ்சு பேரா சேர்ந்து சாதாரணத் தெருவுல வாடகை வீட்டுல குடியிருக்காங்க, துணைக்கு ஒரு பணியாளர் இருப்பாங்க. இதுக்கு கிராண்ட் சேலஞ்சஸ் கனடா நிதி குடுத்துச்சு. இந்த மாதிரி வேலைக்கு நிதியாளர் செய்ய வேண்டியது, புது முறையை சோதிச்சுப் பாக்கக் காசு குடுத்து, சரியா வந்தா அரசாங்கம் எடுத்துக்கற அளவுக்கு ஆதாரத்தைச் சேர்த்துக் குடுக்கறது. வேலை எப்படிப்பட்டதுங்கிறதைப் பொறுத்துதான் காசும் எப்படி வரணும்னு முடிவு பண்ணணும்.

வெளிநாட்டு நிதி பக்கம் நிலைமை வேற. 2020 செப்டம்பர்ல எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தற சட்டத்தைத் திருத்தினாங்க, நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்துலேர்ந்து 20 ஆச்சு, எல்லாரும் முதல்ல பணம் வாங்குறது டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குலதான்னு ஆச்சு. ஆனா கிராமத்துல வேலை செய்யறவங்களை ரொம்ப அடிச்சது வேற ஒண்ணு, ஒரு அமைப்பு வாங்கின வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் குடுக்கக்கூடாதுன்னு வந்த தடை. அதுக்கு முன்னாடி சென்னையிலயோ டெல்லியிலயோ இருக்கற பெரிய என்ஜிஓ இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதி நிதி வாங்கி, பத்து சின்ன அமைப்புக்குப் பிரிச்சுக் குடுக்கும், சின்ன அமைப்பு களத்துல வேலையைப் பாக்கும். அந்தச் சங்கிலி ஒரே நாள்ல அறுந்துச்சு.

அப்ப சிஎஸ்ஆர்தான் கதின்னு வந்தா, அங்க 2021 ஏப்ரல்லேர்ந்து சிஎஸ்ஆர்-1ங்கிற அரசுப் பதிவு வேணும், வருமான வரிச் சட்டத்துல 12ஏ, 80ஜி பதிவு வேணும், கம்பெனி சம்பந்தம் இல்லாத அமைப்புக்கு மூணு வருஷ அனுபவமும் வேணும். அதுக்கு மேல, தன்னோட ஆலை இருக்கற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டம் சொல்றதால ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் காசு சேருது, ராமநாதபுரத்துல அத்தனை ஆலை ஏது. ஆனா இந்த முன்னுரிமை வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லைன்னு அரசாங்கமே விளக்கியிருக்கு. பின்தங்கின மாவட்டங்களுக்காக மத்திய அரசு போட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியல்ல தமிழ்நாட்டுலேர்ந்து இருக்கறது ராமநாதபுரமும் விருதுநகரும், இதைச் சொல்லியே கம்பெனிகள்கிட்ட கேக்கலாம், நாங்க கேட்டிருக்கோம், சில இடத்துல வேலை செஞ்சிருக்கு.

முதல் கூட்டத்துல என்ன பேசணும்னு என்கிட்ட புதுசா வர்றவங்க கேப்பாங்க. முழுச் செலவைப் பேசுங்கன்னு சொல்லுவேன். ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு உண்மையிலயே எவ்வளவு ஆகுதோ, வாடகை ஆடிட் எல்லாம் சேர்த்து, அதை ஒளிக்காம எழுதுங்க, அவங்க பாதிதான் குடுப்போம்னா பாதிப் பிள்ளைங்களுக்கு வேலையைப் பாருங்க, எல்லா மையத்தையும் பாதிக் காசுல நடத்தறேன்னு ஒத்துக்காதீங்க. கெட்ட செய்தியை யார் யாருக்கு எத்தனை நாள்ல சொல்லணும்னு பேசி வெச்சுக்குங்க, டீச்சர் நின்னுட்டா, மையம் மூடிட்டா, அது ஆறு மாசம் கழிச்சு ரிப்போர்ட்ல தெரிய வர்றதும் அன்னிக்கு சாயங்காலமே போன்ல தெரிய வர்றதும் ஒண்ணு இல்ல. மூணாவது வருஷம் முடியறப்போ அந்த டீச்சருங்க சம்பளம் எங்கேர்ந்து வரும்ங்கிறதையும் அன்னிக்கே கேட்டுருங்க, சங்கடமா இருந்தாலும் பரவாயில்ல.

நிதி குடுக்கறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. சட்டப்படி வெளியாள் வெச்சு தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால என்ன மாறுச்சுங்கிற ஆய்வு, பண்ண வேண்டியது, சராசரியா வருஷம் 10 கோடிக்கு மேல சிஎஸ்ஆர் கடமை இருக்கற கம்பெனி, அதுவும் 1 கோடிக்கு மேல போற திட்டத்துக்கு மட்டும்தான். எட்டு லட்ச ரூபாய் திட்டத்துக்கு நாலு விதமான எக்செல் ஷீட் கேட்டா, அதை நிரப்பறது அந்த டீச்சர்தான், வகுப்பு நேரத்துல.

எங்க டிரஸ்ட்டுக்கு ரொம்ப உதவினவர் ஒரு சின்ன அச்சாபீஸ் ஓனர், காலண்டர் அடிக்கறவர். முதல் தடவை வந்தப்போ பிள்ளைங்களைப் பார்த்தார், டீச்சர்ங்ககிட்ட பேசினார், கிளம்புறப்போ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, "கணக்கு எழுதற தம்பிக்கு யாரு சம்பளம் குடுக்கறா?"ன்னு கேட்டார். யாரும் ஒழுங்கா குடுக்கறதில்லைங்க அண்ணாச்சி, எதுலயாவது மிச்சம் பிடிச்சுக் குடுக்கறோம்னு உண்மையைச் சொன்னேன். அடுத்த மாசத்துலேர்ந்து அந்தச் சம்பளத்தை அவர் குடுத்தார், ஆறு வருஷம், பலகை கேக்கல, போட்டோ கேக்கல, வருஷத்துக்கு ஒருநாள் ஆடிட் முடிஞ்சதும் வந்து உக்காந்து வரவு செலவை வரி வரியா வாசிக்கச் சொல்லிக் கேப்பார். அந்தத் தம்பி இருந்ததாலதான் எங்க கணக்கு நேரத்துக்கு ஆடிட் ஆச்சு, சிஎஸ்ஆர்-1 பதிவு ஆச்சு, டேப்லெட்டைத் தாண்டி டீச்சர் சம்பளத்துக்கும் சேர்த்து ஒரு கம்பெனி மூணு வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு. கையெழுத்துப் போட்ட அன்னிக்கு அண்ணாச்சிக்கு போன் பண்ணிச் சொன்னேன், சரி, அதுல தம்பி சம்பளத்தையும் சேர்த்துட்டீங்களான்னு கேட்டார். சேர்த்திருந்தோம்.